செகண்ட் ஹேண்ட் எம்3 வாங்கப் போறீங்களா? பேரிங் ஏன் போகுதுன்னு முதல்ல பாருங்க

சம்பளம் கொஞ்சம் ஏறினதும் மனசுல வர்ற முதல் ஆசை கார். அதுலயும் அமெரிக்கா, ஜெர்மனின்னு வேலைக்குப் போன நம்ம பசங்களுக்கு ஒரு குறிப்பிட்ட ஆசை இருக்கு: பழைய பி.எம்.டபிள்யூ எம்3. 2007-ல இருந்து 2013 வரைக்கும் வந்த மாடல். 4 லிட்டர் வி8 இன்ஜின், ஜெர்மன் கணக்குல 420 குதிரைத்திறன், 8,000 ஆர்.பி.எம்-க்கு மேல சுத்தும். புதுசா வந்தப்ப கண்ணால பாக்க மட்டும்தான் முடிஞ்சது, இப்போ ஈ.எம்.ஐ. போட்டா கைக்கு எட்டுது. ஏன் எட்டுதுன்னு கேட்டா, அதுக்கான காரணங்கள்ல ஒண்ணு இந்த இன்ஜினோட ராட் பேரிங்.

வீடியோல இதை வேகமா சொல்லிட்டுப் போயிட்டேன். இங்க கொஞ்சம் நின்னு பாப்போம்.

பிஸ்டனையும் கிராங்க் ஷாஃப்டையும் இணைக்கிறது கனெக்டிங் ராட். ராட் கிராங்க்கைப் பிடிக்கிற இடத்துல வளையம் மாதிரி ரெண்டு அரை ஷெல் இருக்கும். எட்டு சிலிண்டருக்கு மொத்தம் பதினாறு ஷெல். அடியில ஸ்டீல், மேல மென்மையான உலோகப் பூச்சு. ஓடும்போது ஷெல்லும் கிராங்க்கும் ஒண்ணை ஒண்ணு தொடவே கூடாது, நடுவுல மெல்லிய ஆயில் படலம்தான் எல்லா பாரத்தையும் தாங்கணும். அந்தப் படலம் கிழிஞ்சா பூச்சு தேயும், அப்புறம் ஷெல் சுத்த ஆரம்பிக்கும், கடைசியில ராட் உடைஞ்சு இன்ஜின் பிளாக்கையே துளைச்சிட்டு வெளிய வரும். பேரிங்கை முன்கூட்டியே மாத்துனா சில ஆயிரம் டாலர்ல முடியும். ராட் வெளிய வந்துட்டா புது இன்ஜின்தான், செலவு அதைப்போல பல மடங்கு. பல பேருக்கு அது காரோட விலையையே தொடும்.

சரி, இந்த மாடல்ல ஏன் இப்படி? இங்கதான் சண்டை. இன்ஜின் பிரிச்சு அளந்து பார்த்தவங்க, ஷெல்லுக்கும் கிராங்க்குக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி ரொம்பக் குறைவுன்னு சொல்றாங்க. கம்பெனி சொன்ன ஆயிலோ 10டபிள்யூ-60, கெட்டியான ஆயில். குறுகலான சந்துல கெட்டி ஆயில் வேகமா போகாதுங்கிறது அவங்க வாதம். இன்னொரு தரப்பு, இன்ஜின் சூடாகுறதுக்கு முன்னாடியே மிதிச்சு ஓட்டுறவங்கதான் கெடுக்கிறாங்கன்னு சொல்லுது. அதுலயும் அர்த்தம் இருக்கு. இந்த கார்ல ஆயில் சூடாகுற வரைக்கும் டாகோமீட்டர்ல எச்சரிக்கை விளக்கு குறைஞ்ச ஆர்.பி.எம்-லயே எரியும், சூடு ஏற ஏறத்தான் மேல நகரும். அது அலங்காரத்துக்கு வச்சது இல்ல. என் கருத்து: ரெண்டும் சேர்ந்தே வேலை செய்யுது, ஆனா இடைவெளி சரியா இருந்திருந்தா ஓட்டுறவர் தப்பை இன்ஜின் இன்னும் கொஞ்சம் மன்னிச்சிருக்கும்.

இதுக்கு முந்தின எம்3-லயும் இதே பேரிங் பிரச்சனை வந்தது. 2001–2003 மாடல் கார்களுக்கு கம்பெனியே பேரிங்கை மாத்திக் கொடுத்து, அமெரிக்காவுல வாரண்டியையும் நீட்டிச்சாங்க. ஆனா வி8 மாடலுக்கு அப்படி ஒரு ரீகால் வரல. அதனால வாரண்டி முடிஞ்ச கார்ல பேரிங் போனா செலவு வாங்கினவர் தலையில. காரணம் எதுன்னு கண்டுபிடிக்கிறது வெறும் மெக்கானிக் ஆர்வம் இல்ல, யார் பணம் கட்டணும்ங்கிற கேள்வி.

கழட்டின ஷெல் நிறைய பேசும். மேல் ஷெல், அதாவது ராட் பக்கம் இருக்கிற பாதி, எரிபொருள் வெடிக்கிற அழுத்தத்தைத் தாங்குறது. கீழ இருக்கிற கேப் பக்கப் பாதி, அதிக ஆர்.பி.எம்-ல பிஸ்டனை நிறுத்தித் திருப்பி இழுக்கிற விசையைத் தாங்குறது. கீழ்ப்பாதி மட்டும் அடி வாங்கியிருந்தா ஓவர் ரெவ் மேல சந்தேகம் வரும். எல்லா ஷெல்லும் ஒரே மாதிரி தேஞ்சிருந்தா ஆயில், இடைவெளின்னு இன்ஜினுக்கே பொதுவான காரணத்தைத் தேடணும். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் போயிருந்தா அந்த இடத்துலயே ஏதோ இருக்கு: அடைச்ச ஆயில் துவாரம், பூட்டும்போது சிக்கின தூசி, வளைஞ்ச ராட். கருநீலமா வெந்து போயிருந்தா ஆயில் வராம சூடேறியிருக்கு. பூச்சு மேல நேர்க்கோடா கீறல் இருந்தா ஆயில்ல அழுக்கு வந்திருக்கு. எதிரெதிர் ஓரங்கள்ல மட்டும் தேய்மானம் இருந்தா ராட் வளைஞ்சிருக்கு. ஒரே ஒரு ஷெல்லைப் பாத்து முடிவு சொல்ற மெக்கானிக்கை நான் நம்ப மாட்டேன், பதினாறையும் வரிசையா அடுக்கிப் பாக்கணும்.

கார் வாங்குறதுக்கு முன்னாடி ஷெல்லைக் கழட்டிப் பாக்க யாரும் விட மாட்டாங்க. அதனால ஆயில். பயன்படுத்தின ஆயிலை லேப்ல கொடுத்தா எந்த உலோகம் எவ்வளவு இருக்குன்னு சொல்லுவாங்க, 50 டாலருக்குள்ள முடிஞ்சிடும். ஆனா ஒரு பொறி இருக்கு. ஆரம்பகால வி8 கார்கள்ல பேரிங் பூச்சு ஈயம் கலந்தது, தேஞ்சா அறிக்கையில ஈயம் ஏறும். பிந்தைய கார்கள்ல ஈயம் இல்லாத அலுமினியம்–தகரம் வகை. அந்த கார்ல ஈயம் கம்மின்னு ரிப்போர்ட் வந்தா சந்தோஷப்படாதீங்க, அங்க ஈயமே கிடையாது. அதோட, ஒரே ஒரு அறிக்கை போதாது, கார்க்காரர்கிட்ட பழைய அறிக்கைகள் இருக்கான்னு கேளுங்க. ஆயில் ஃபில்டரை அறுத்துப் பாத்தாலும் தெரியும். பளபளன்னு தூள் இருந்து காந்தத்துல ஒட்டலைன்னா ராட் பேரிங் பூச்சா இருக்கலாம். ஒட்டுற இரும்புத் துகள்னா வேற பாகம்.

காந்தம்னதும் போர்ஷே ஞாபகம் வருது. 1997-ல இருந்து 2008 வரைக்குமான பாக்ஸ்டர், 911 மாடல்கள் பலதுல ஐ.எம்.எஸ். பேரிங்னு ஒண்ணு போகும். அது ஸ்டீல் குண்டு பேரிங், அதனால ஃபில்டர்ல காந்தத்துல ஒட்டுற துகளும் கருப்பு சீல் துண்டும் வரும். 2001–2005 மாடல்களுக்காக அமெரிக்காவுல கூட்டு வழக்கு போட்டு, சமரசமும் ஆச்சு. போர்ஷேல இன்னொரு வசதி, ஓவர் ரெவ் ஆன விவரத்தை கம்ப்யூட்டரே பதிவு பண்ணி வச்சிருக்கும். வாங்குறதுக்கு முன்னாடி அதைப் படிச்சுக் காட்டச் சொல்லுங்க, மறுத்தா அடுத்த காரைப் பாருங்க.

எம்3 கனவு இல்லாதவங்களுக்கும் ஒரு விஷயம் இருக்கு. நம்ம ஊர் மோட்டார் இன்சூரன்ஸ்ல மெக்கானிக்கல் பிரேக்டவுன், தேய்மானம் ரெண்டுக்கும் பணம் கிடையாது, பாலிசியிலயே எழுதியிருக்கு. மழைத் தண்ணி இன்ஜினுக்குள்ள போய் ராட் வளைஞ்சு பேரிங் போனா, இன்ஜின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் எடுத்திருந்தா கிளெய்ம் கேக்கலாம். ஆனா தண்ணிக்குள்ள நின்ன வண்டியைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணியிருந்தா சர்வேயர் அதைத்தான் முதல்ல பிடிப்பார். அதனால தண்ணி ஏறின வண்டியைத் தொடாதீங்க, போட்டோ எடுத்துட்டு டோ பண்ணச் சொல்லுங்க. இன்ஜினைப் பிரிக்கும்போது சர்வேயர் வர்ற வரைக்கும் ஷெல்லைத் தூக்கிப் போடாம, சிலிண்டர் நம்பரும் மேல்/கீழ்னும் எழுதி வைக்கச் சொல்லுங்க. பல ஒர்க்‌ஷாப்ல எல்லாத்தையும் ஒரே டப்பாவுல கொட்டிடுவாங்க, அப்புறம் எது எங்க இருந்துச்சுன்னு அவங்களுக்கே தெரியாது.