ஆபத்தை முன்கூட்டியே சொல்லும் கம்ப்யூட்டர்!

நள்ளிரவு. வயிற்று வலியால் துடிக்கும் முதியவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருகிறார்கள். குடலில் ஓட்டை விழுந்து விட்டது. உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும்.

"அப்பா பிழைத்து விடுவாரா, டாக்டர்?" என்று மகன் கேட்கிறான்.

உலகம் எங்கும் கேட்கும் கேள்வி இது. பதில் சொல்வது எளிதல்ல. ஆபரேஷன் நன்றாகவே முடியலாம். பிறகு காயத்தில் சீழ் பிடிக்கலாம். நுரையீரலில் நிமோனியா வரலாம். சிறுநீரகம் பழுதாகலாம்.

இந்த ஆபத்துகளைக் கணக்கிட்டுச் சொல்ல அமெரிக்காவில் ஒரு கருவி செய்திருக்கிறார்கள். அதன் பெயர் "பாட்டர்". பாஸ்டன் நகர டாக்டர் ஹைதம் காஃபரானி, எம்.ஐ.டி. பேராசிரியர் டிமிட்ரிஸ் பெர்ட்சிமாஸ் ஆகியோரின் குழு, 2018-ம் ஆண்டில் இதை வெளியிட்டது.

பாடம் கற்றது எப்படி?

2007 முதல் 2013 வரை அவசர ஆபரேஷன் செய்து கொண்ட 3 லட்சத்து 82 ஆயிரத்து 960 பேரின் விவரங்களைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார்கள். ஆபரேஷனுக்கு முன் உடல்நிலை எப்படி இருந்தது? அடுத்த 30 நாட்களில் என்ன ஆயிற்று? எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, கம்ப்யூட்டர் தானே கற்றுக் கொண்டது. இதற்கு "எந்திரக் கற்றல்" என்று பெயர்.

கேள்வி மேல் கேள்வி

டாக்டர் செல்போனைத் திறந்தால் போதும். நோயாளியின் வயது, ரத்தப் பரிசோதனை முடிவு என்று கருவி ஒவ்வொன்றாகக் கேட்கும். ஒரு பதிலைப் பொறுத்தே அடுத்த கேள்வி. மரத்தில் கிளை பிரிவது போல, ஆளுக்கு ஆள் வழி மாறும். 4 முதல் 11 கேள்விகளில் விடை வந்து விடும்!

எந்தப் பதிலால் அந்த விடை வந்தது என்பதையும் டாக்டர் பார்க்கலாம்.

முடிவு யார் கையில்?

கருவி சொல்வது ஜோசியம் அல்ல, கணக்கு. "இப்படிப்பட்ட 100 பேரில் 20 பேருக்கு ஆபத்து" என்று அது சொல்லலாம். அந்த 20 பேரில் இவரும் ஒருவரா என்று அதற்குத் தெரியாது. ஒரு நாட்டு நோயாளிகளிடம் கற்ற கணக்கு, வேறு நாட்டாருக்குப் பொருந்துமா என்பதையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஆனாலும் பலன் உண்டு. ஆபத்து அதிகம் என்று தெரிந்தால், தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கையைத் தயாராக வைக்கலாம். குடும்பத்தாரிடம் உள்ளதை முன்பே எடுத்துச் சொல்லலாம்.

கணக்குப் போடுவது கம்ப்யூட்டர். ஆனால், கலங்கி நிற்கும் மகனின் தோளைத் தொட்டுப் பதில் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான்!