பச்சை குத்திய மேக்ரோ!

சிம்போசியம் வருது. ரெஜிஸ்ட்ரேஷன் டெஸ்க் உங்க தலையில விழுந்திருக்கா? அப்போ வாங்க பாஸ், உங்களுக்குத்தான் இந்தக் கதை!

2006. ஃபைனல் இயர். எக்ஸெல் ஷீட்டில் 600 பேர். யார் பணம் கட்டினாங்கன்னு 'ரிமார்க்ஸ்' காலத்தில் ஆளுக்கொரு விதமா டைப் பண்ணியிருந்தாங்க. 'பெய்டு', 'பெய்டு பை டிடி', 'ஃபீஸ் பெய்டு'... முழுசா ஒரே மாதிரி எதுவும் இல்லை. வார்த்தையில ஒரு துண்டு இருந்தாலே போதும், செல்லுக்குப் பச்சை அடிக்கணும். மேக்ரோ எழுத உட்கார்ந்தேன்.

ஆல்ட், எஃப் 11 ரெண்டையும் சேர்த்து அமுக்கினா எடிட்டர் திறக்கும். இன்செர்ட் மெனுவில் மாட்யூல். 'ஃபார் ஈச்' போட்டு ஒவ்வொரு செல்லா நடக்க வைக்கணும். உள்ளே 'இன்ஸ்ட்ஆர்' என்ற ஃபங்ஷன்தான் ஹீரோ. எந்த எழுத்திலிருந்து தேடணும், எதில், எதை என்று மூன்று விஷயம் சொல்லணும். நாலாவதா 'விபிடெக்ஸ்ட்கம்பேர்' சேர்த்தா கேப்பிடல், ஸ்மால் பேதம் பார்க்காது. தேடியது எத்தனாவது எழுத்தில் ஆரம்பிக்குதோ, அந்த எண்ணைத் தரும். இல்லைன்னா 0. ஆக, 0-வை விடப் பெரிசா இருந்தா 'இன்டீரியர்.கலர்' பச்சை. அவ்வளவுதான்!

ஓட்டினேன். ஷீட்டே வயல் மாதிரி பச்சைப்பசேல். கட்டாதவங்களும் பச்சை!

'அன்பெய்டு' வார்த்தையை இங்கிலீஷில் எழுதிப் பாருங்க. மூணாவது எழுத்திலிருந்து 'பெய்டு' உள்ளேயே உட்கார்ந்திருக்கு. மேக்ரோ 3-ன்னு பதில் சொல்லிட்டுப் போயிட்டே இருந்திருக்கு. பதறிப்போய் கன்ட்ரோல் இசட் அடிச்சா, மேக்ரோ ஓடினதும் அண்டூ காலி! டிடி கைக்கு வராதவங்களுக்கு நண்பன் ரெண்டு ராத்திரி முழிச்சு அடிச்ச மஞ்சளும் போச்சு. அவன் என்கூட ஒரு வாரம் பேசலை. காப்பி எடுத்து வெச்சுட்டு ஓட்டியிருக்கலாம்...

மருந்து சிம்பிள். 'அன்பெய்டு' இருக்கான்னு முதல்ல கேளுங்க, சிவப்பு. அப்புறம் 'எல்ஸ்இஃப்' போட்டு 'பெய்டு', பச்சை. 'நாட் பெய்டு'ன்னு எழுதும் மகான்களும் உண்டு. அதையும் முதல் கேள்வியிலேயே 'ஆர்' போட்டுச் சேர்த்துடுங்க. ஃபார்முலா சொதப்பி எரர் காட்டுற செல் வந்தா 'டைப் மிஸ்மேட்ச்'னு பாதியில நின்னுடும். அதனால 'இஸ்எரர்' பார்த்துத் தாண்டிப் போகணும்.

'இதுக்கெல்லாம் கோடு எதுக்கு?'ன்னு கேட்டா, நியாயம்தான். எக்ஸெல் 2007-லிருந்து கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் 'டெக்ஸ்ட் தட் கன்டெய்ன்ஸ்' இருக்கு. ரிமார்க்ஸ் மாறினா கலரும் தானா மாறும். மேக்ரோவை மறுபடி ஓட்டணும். ஆனா 'அன்பெய்டு' வில்லன் அங்கேயும் உண்டு. சிவப்பு ரூல் மேலே இருக்கட்டும்.

எங்க சிம்போசியத்தில் பணம் கட்டாமலே 38 பேர் பச்சையில் வந்து பிரியாணி சாப்பிட்டாங்க. துரத்தித் துரத்தி 31 பேர்கிட்ட வாங்கிட்டோம். மீதி 7 பேர் அந்த ஷீட்டில் இன்னும் பச்சையாவே இருக்காங்க!