மணிக்கட்டு ரண சிகிச்சையும் தறிக்குத் திரும்புதலும்

நெசவாளர் இல்லங்களில் நடுநிசியில் ஒருவர் எழுந்து உட்கார்ந்து கையை உதறிக்கொண்டிருப்பது புதிய காட்சியன்று. கட்டைவிரலும், ஆள்காட்டி விரலும், நடுவிரலும், மோதிர விரலில் பாதியும் மரத்துப்போகும். சுண்டுவிரலுக்கு மட்டும் ஒன்றுமிராது. வாயு என்று சொல்லித் தைலம் தடவி ஆண்டுகளைக் கடத்திவிடுகிறோம்.

மணிக்கட்டில் எலும்புகள் அடியிலும் பக்கங்களிலும் அமைய, வலுவான தசைநார் ஒன்று மேலே கூரைபோல் மூடிய குறுகிய வழியொன்று உண்டு. விரல்களை மடக்கும் ஒன்பது நாண்களும் ஒரு நரம்பும் அதனூடே செல்கின்றன. உள்ளே வீக்கம் கண்டால் நசுங்குவது நரம்பே. இந்நரம்பு நசுங்குவதை இங்கிலாந்தின் ஜேம்ஸ் பாஜெட் 1854-லேயே எழுதிவைத்தார். கைவேலை மட்டுமன்றி நீரிழிவும், தைராய்டுச் சுரப்புக் குறைவும், கர்ப்ப காலமும் இந்நோய்க்கு இடந்தருவதால், பழி முழுவதையும் தறியின்மேல் சுமத்துவது நியாயமாகாது.

தொடக்கத்தில் இரவில் மணிக்கட்டுக்குப் பட்டை கட்டுவதே பலருக்குப் போதும். கட்டைவிரலின் அடிச்சதை வற்றத் தொடங்கிய பின்னும் காலம் கடத்துதல் கூடாது. ரண சிகிச்சை சிறியதே. கையை மட்டும் மரக்கச் செய்து அத்தசைநாரை அறுத்துவிடுவர். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம்.

கடினமானது அதன் பின்னரே வருகிறது. இரவு நோவு பலருக்குச் சில நாட்களிலேயே நின்றுவிடும்; அதுவே ஏமாற்றுகிறது. தையல் பிரிக்கச் சுமார் 10 முதல் 14 நாட்களாகும். அதுவரை புண்ணில் நீர் படலாகாது. விரல்களை மட்டும் முதல் நாளிலிருந்தே மடக்கி நீட்டி வரவேண்டும். பிடியின் வலு முதலில் முன்னிருந்ததைவிடக் குறைந்து, மூன்று மாத அளவில்தான் பெரும்பாலும் மீளும். உள்ளங்கையின் அடிப்பகுதியில் இருபுறமும் சில வாரங்கள், சிலருக்கு மாதங்கள், அழுத்தினால் நோகும். மண்வெட்டிப் பிடி பதிவதும் அவ்விடத்தில்தான்!

ஆகவே தறியில் எல்லா வேலையும் ஒரே நாளில் திரும்புவதில்லை. தார் சுற்றுதல் முதலில் கைகூடும். நாடாவை ஓட்டக் கயிற்றைச் சுண்டியிழுப்பதும் அச்சுப் பலகையை ஓங்கி அடிப்பதும் கடைசியில்தான். பிடியில் துணி சுற்றித் தடிப்பாக்கி, மணிக்கட்டை வளைக்காது முழங்கையால் இழுத்தல் நலம். நெடுங்காலம் மரத்திருந்த விரலுக்கு அறுந்த இழையைப் பிணைக்கும் உணர்ச்சி மெல்லத்தான் வரும். முழுவதும் வராமலும் போகலாம். இதைச் சிகிச்சைக்கு முன்னரே வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும். பயிரிடும் அன்பர்களுக்குப் பால் கறத்தலும் கதிர் அறுத்தலும் இறுதியாகவே மீளத்தக்கவை.

கூலியோ நெய்த அளவுக்குத்தான். கை ஓய்ந்தால் அடுப்பும் ஓயும். தறியிலேறிய பாவு சங்கத்தினுடையது, அதற்குத் தவணையும் உண்டு. ஆதலின் அந்தப் பாவை அறுத்திறக்கிய பின்னரே சிகிச்சை நாளைக் குறித்து, புதுப் பாவு ஏற்றுமுன் நிர்வாகியிடம் சொல்லிவிடுவதே ஏற்றது. தவணை தவறிய பின் சொல்லப்படும் காரணம், உண்மையாயினும், சாக்காகவே கேட்கப்படுகிறது. மீளும் மாதங்களில் தார் சுற்றும் வேலையை அவ்வங்கத்தினருக்கே ஒதுக்குமாறு நிர்வாகக் குழுவினரையும் வேண்டுகிறோம். இரு கைகளிலும் நோயுள்ளவர் ஒரு கை தேறி, உண்ணவும் உடுக்கவும் உதவத் தொடங்கிய பின் மறு கைக்குச் செய்துகொள்ளலாம்.