தட்டின் மேற் பழி

மேட்டில் ஏறும் வண்டிக்கு இயந்திரத்தின் வலு வேண்டும். பள்ளத்தில் இறங்கும் வண்டிக்கோ ஓட்டுபவரின் நிதானம் வேண்டும். பேராதனையிலிருந்து கலஹா வழியாகத் தெல்தோட்டைக்குச் செல்லும் பாதையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரத் தோட்டமும் இம்மலைப் பக்கத்தில்தான் இருக்கிறது. கொழுந்தும் காய்கறியும் ஏற்றி இப்பாதைகளில் இறங்கும் பிக்கப் வண்டிகளை ஒரு நோய் திரும்பத் திரும்பப் பற்றுகிறது. பிரேக்கை மிதித்ததும் ஸ்டியரிங் நடுங்குகிறது; மிதியும் காலின் கீழ்த் துடிக்கிறது.

“தட்டு வளைந்துவிட்டது” என்பதே கராஜில் கிடைக்கும் தீர்ப்பு. தட்டைக் கடைகிறார்கள், அல்லது புதிது பூட்டுகிறார்கள். சில மாதங்களில் நடுக்கம் மீண்டும் வருகிறது. பணம் போனதுதான் மிச்சம்.

உண்மையில் தட்டு வளைவது அரிது. அதன் பருமன் இடத்துக்கு இடம் வேறுபட்டுவிடுவதே பெரும்பாலும் நோய். சில்லின் குடத்தில் துரு படிந்திருக்க, அதன்மேல் தட்டைப் பூட்டினால் தட்டு மிகச் சிறிது சாய்ந்து சுழலும். ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு சாய்வே போதும்; பிரேக் பிடிக்காத வேளையிலும் அதே இடம் கட்டையில் உராய்ந்து உராய்ந்து தேயும். ஆதலால்தான் நடுக்கம் உடனே தோன்றாமல், சில ஆயிரம் மைல் ஓடியபின் தோன்றுகிறது. குற்றம் குடத்தில் இருக்க, பழி தட்டின் மேல் விழுகிறது!

எனவே ஆராயும் ஒழுங்கு முக்கியம். முதலில் குடத்தின் முகத்தைத் துருவின்றிச் சுரண்டித் துடைக்க வேண்டும். பின்பு தட்டைப் பூட்டி, டயல் கேஜ் வைத்துச் சுழற்றிச் சாய்வை அளக்க வேண்டும். கலிப்பரின் ஊசிகள் தடையின்றி அசைகின்றனவா என்று பார்க்க வேண்டும். அவை இறுகினால் கட்டை விலகாமல் தட்டைச் சுட்டுக்கொண்டே இருக்கும். சில்லின் நட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, ஒரே அளவில் முறுக்க வேண்டும்.

அடுத்தது வெப்பம். இரண்டு தொன் எடையுள்ள வண்டி 300 மீற்றர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, சுமார் 19 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இரண்டாம் கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை இயந்திரம் ஏற்கும். நியூற்றலில் இறங்கினால் முழுதும் பிரேக்கின் தலையிலேயே விழும். கொதிக்கும் தட்டைக் கட்டையால் இறுக்கிப் பிடித்தபடி வண்டியை நிறுத்தினால், கட்டையின் பொருள் அவ்விடத்தில் ஒட்டித் தழும்பாகும். அதுவும் நடுக்கத்துக்கு ஒரு காரணம்.

கடையுந்தோறும் தட்டு மெலிகிறது. மெலிந்த தட்டு விரைவில் சூடேறுகிறது. எந்த அளவுக்குக் கீழே தேயலாகாது என்பது பெரும்பாலும் தட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பிரேக் எண்ணெயோ நாளடைவில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும்; ஈரமேறிய எண்ணெய் சூட்டில் கொதித்தால் மிதி அடிவரை அமிழ்ந்துவிடும், வண்டி நில்லாது. பின்தட்டில் மூட்டைகளோடு மனிதரும் அமர்ந்து வரும் பாதை இது. நடுக்கம் என்பது தொல்லை மட்டுமன்று. அது முன்கூட்டியே வரும் எச்சரிக்கை. அதைக் கடைந்து மறைப்பதைவிடக் காரணம் தேடித் தீர்ப்பதே சிக்கனமும் பாதுகாப்பும் ஆகும்.