கிரீன் டீ நல்லதுதான்... ஆனா அதை எப்போ குடிக்கிறீங்க?

காலை ஆறரை மணி. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் குளித்துவிட்டு வருபவர்கள் ஒரு பக்கம், அதே சாலையில் வாக்கிங் முடித்துத் திரும்புபவர்கள் இன்னொரு பக்கம். முன்பெல்லாம் வாக்கிங் முடிந்தால் நேராக ஃபில்டர் காபிதான். இப்போது பல வீடுகளில் காபி ஃபில்டருக்குப் பக்கத்திலேயே ஒரு கிரீன் டீ டப்பாவும் இருக்கிறது. என் சித்தி வீடும் அப்படித்தான்.

சித்திக்கு வயது 46. ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் 1-ம் நம்பர் பஸ் பிடித்து திருச்சிக்கு வேலைக்குப் போகிறார். போன வருஷம் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.4 என்று வந்தது. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். "மூணு மாசம் ஒருநாள்கூட விடாம போட்டேன். திரும்ப டெஸ்ட் எடுத்தா 9.6தான்!" என்று அலுத்துக்கொண்டார். அப்போது டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "மாத்திரையை எதோட முழுங்குறீங்க?"

"கிரீன் டீயோடதான் டாக்டர். ரெண்டும் உடம்புக்கு நல்லதுதானே?"

விஷயமே இங்கேதான் இருக்கிறது. கிரீன் டீயால் நன்மை உண்டு. ஆனால் அதை எப்போது, எதோடு, எந்த வடிவத்தில் எடுக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

கிரீன் டீ வேற செடியா?

இல்லை. நாம் பால் ஊற்றிக் குடிக்கும் டீத்தூளும் கிரீன் டீயும் ஒரே தேயிலைச் செடியிலிருந்துதான் வருகின்றன. நீலகிரியில் விளையும் தேயிலையிலிருந்தே இரண்டும் தயாராகின்றன. இலையைப் பறித்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். இலையை நசுக்கி, காற்றுப் பட விட்டால் அது கறுத்து சாதாரண டீத்தூள் ஆகிறது. பறித்தவுடன் ஆவியிலோ சூடான சட்டியிலோ வாட்டிவிட்டால் அந்த மாற்றம் நின்று, பச்சை நிறம் தங்குகிறது. அதோடு கேட்டசின் என்ற பொருள்களும் அதிகம் தங்குகின்றன. இவற்றில் முக்கியமானது 'இஜிசிஜி'. கிரீன் டீக்குக் கிடைத்திருக்கும் நல்ல பேருக்கும், அதைப் பற்றிய எச்சரிக்கைக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

நிஜமாவே என்ன நன்மை?

ஜப்பானின் வடகிழக்குப் பகுதியில் 40,530 பேரை 11 ஆண்டுகள் வரை கண்காணித்த ஓர் ஆய்வு 2006-ல் வெளியானது. தினமும் 5 கப் அல்லது அதற்கு மேல் கிரீன் டீ குடித்தவர்களிடம், ஒரு கப்புக்கும் குறைவாகக் குடித்தவர்களைவிட இதயம், ரத்தநாளம் சார்ந்த மரணங்கள் குறைவாக இருந்தன. பெண்களிடம் இந்த வித்தியாசம் 31% வரை தெரிந்தது. ஆனால், புற்றுநோய் மரணங்களில் வித்தியாசம் தெரியவில்லை. இது கண்காணிப்பு ஆய்வு மட்டுமே. அவர்களின் சாப்பாடு, வாழ்க்கைமுறைக்கும் இதில் பங்கு இருக்கலாம்.

எடை குறையுமா? இளைஞர்கள் அதிகம் வாங்குவது இதற்காகத்தான். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2012-ல் சொன்ன பதில்: குறையும் எடை மிகச் சொற்பம், பெரிய பலன் என்று சொல்ல முடியாது. பரோட்டா சாப்பிட்டுவிட்டு மேலே ஒரு கப் கிரீன் டீ குடித்தால் கணக்கு சரியாகிவிடாது. பால், சர்க்கரை போட்ட டீக்குப் பதிலாக இதை வெறுமனே குடித்தால் அந்த கலோரி மிச்சம். அது நிஜமான லாபம்.

இரும்புச்சத்துக்கும் டீக்கும் என்ன சண்டை?

தேயிலையில் இருக்கும் பாலிஃபீனால்கள் இரும்புச்சத்தைக் குடலிலேயே பிடித்துக்கொள்கின்றன. அதனால் அது ரத்தத்தில் சேர்வது குறைகிறது. கீரை, பருப்பு, தானியங்களில் இருக்கும் இரும்புக்குத்தான் இந்தப் பாதிப்பு அதிகம். சைவச் சாப்பாடு சாப்பிடுபவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மாத்திரைக்கும் இதே கதைதான். கிரீன் டீ மட்டுமல்ல, பால் டீயும் நம்ம ஃபில்டர் காபியும் இதைச் செய்யும்.

இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4% பேருக்கு ரத்தசோகை. அதாவது, இரண்டில் ஒருவருக்கு மேல்.

தீர்வு சுலபம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் டீ, காபி வேண்டாம் என்கிறது 2024-ல் வெளியான ஐசிஎம்ஆர் உணவு வழிகாட்டி. மாத்திரைக்கும் அதே இடைவெளியாவது விடுங்கள். எலுமிச்சை, நெல்லிக்காய் போன்ற வைட்டமின் சி உள்ள உணவுகள் இரும்புச்சத்து சேர உதவும்.

கப் ஓகே... கேப்சூல்?

இங்கேதான் உஷார் தேவை. 'ஃபேட் பர்னர்' என்ற பெயரில் விற்கப்படும் மாத்திரை, பவுடர்களில் கிரீன் டீ சாறு அடர்த்தியாக இருக்கலாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் இதை ஆராய்ந்தது. சாதாரணமாகக் கப்பில் குடிப்பது பொதுவாகப் பாதுகாப்பானதே. ஆனால், சப்ளிமென்ட் மூலம் தினமும் 800 மி.கி. அல்லது அதற்கு மேல் இஜிசிஜி எடுத்தவர்களிடம் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் ரத்தப் பரிசோதனையில் தெரிந்தன. இதையடுத்து 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் அளவுக் கட்டுப்பாடும் லேபிளில் எச்சரிக்கையும் கொண்டுவந்தது. ஜிம்மில் யாராவது டப்பாவை நீட்டினால், முதலில் லேபிளைப் படியுங்கள். எடுக்கும்போது கண் மஞ்சளானால், சிறுநீர் அடர்நிறமானால், உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

யாரெல்லாம் கவனமா இருக்கணும்?

* ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள்: அதிக அளவு கிரீன் டீ மருந்தின் வேலையைக் குறைக்கலாம்.
* பிபி மாத்திரை எடுப்பவர்கள்: நாடோலால் என்ற மருந்து ரத்தத்தில் சேரும் அளவு, கிரீன் டீயோடு எடுத்தபோது சுமார் 85% குறைந்ததாக 2014-ல் வந்த ஒரு சிறு ஜப்பானிய ஆய்வு காட்டியது. உங்கள் மாத்திரைக்கு இந்தப் பிரச்னை உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள்.
* கர்ப்பிணிகள்: காபி, டீ, கோலா எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 200 மி.கி. காஃபினைத் தாண்ட வேண்டாம் என்பது பிரிட்டன் என்எச்எஸ் அறிவுரை.
* தூக்கம் வராதவர்கள், அசிடிட்டி உள்ளவர்கள்: கிரீன் டீயிலும் காஃபின் உண்டு. மாலைக்குப் பிறகு தவிருங்கள். வெறும் வயிற்றில் குடித்தால் சிலருக்குக் குமட்டும். நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் அப்படிக் குடித்து நானே அவஸ்தைப்பட்டிருக்கிறேன்.

எப்படிப் போடணும்?

பால் டீ மாதிரி அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடாதீர்கள், கசக்கும். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, சில நிமிடம் ஆறவிட்டு, அதில் இலையையோ பையையோ இரண்டு மூன்று நிமிடம் மட்டும் போட்டு எடுத்துவிடுங்கள். ரொம்பச் சூடாகவும் குடிக்காதீர்கள். 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான பானங்களைக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் எச்சரித்தது. தேன் சேர்ப்பவர்கள் கவனத்துக்கு: ஒரு டீஸ்பூன் தேனில் சுமார் 20 கலோரி.

சித்தி இப்போ எப்படி இருக்காங்க?

டாக்டர் மாத்திரையையும் மாற்றினார், நேரத்தையும் மாற்றினார். அடுத்த மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 11.1. இன்னும் 12-ஐத் தொடவில்லை. டீயின் நேரத்தை மாற்றியதால் மட்டுமே ஏறியது என்று சொல்ல முடியாது. ஆனால் சித்தி கிரீன் டீயை விடவில்லை. காலை மாத்திரை எலுமிச்சை ஜூஸோடு, கிரீன் டீ பதினோரு மணிக்கு ஆபீஸில்.

நீங்களும் உங்கள் வீட்டில் இரும்புச்சத்து மாத்திரை போடுபவர்களிடம் இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்: "மாத்திரையை எதோட முழுங்குறீங்க?"