உடைக்காமல் கொடுங்கள்: கண்டி வீடுகளின் பழைய மின்சாமான்களும் நம் பிள்ளைகளின் உடல்நலமும்

தீபாவளிக்கோ சித்திரைப் புத்தாண்டுக்கோ வீட்டை ஒதுக்கி வெள்ளையடிக்கும்போதுதான் கண்டிப் பக்கத்து வீடுகளில் பழைய மின்சாமான்கள் வெளிச்சத்துக்கு வருகின்றன. கட்டிலுக்கடியில் படம் விழாத டிவி பெட்டி, அலுமாரித் தட்டில் திரை வெடித்த போன்கள், சூடேறாத அயன், எரிந்துபோன பல்புகள். அந்த அவசரத்தில் நமக்குத் தெரிந்த வழிகள் மூன்று: குப்பை லொறி, பழைய இரும்புக்காரர், கொல்லைப்புறம்.

இந்தச் சாமான்களில் பெரும்பாலானவை முழுதாக ஒரு மூலையில் கிடக்கும்வரை யாருக்கும் நோய் தருவதில்லை. உடைக்கும்போதும், எரிக்கும்போதும், மழையில் ஊறும்போதும்தான் உள்ளே இருக்கும் நஞ்சு வெளியே வருகிறது. எதை எங்கே போடுவது என்று யோசிக்கும் முன் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பழைய இரும்புக்காரர் போன பிறகு

1982இல் ரூபவாஹினி ஒளிபரப்புத் தொடங்கிய பின் பல குடும்பங்கள் தவணை கட்டி வாங்கியது, பின்பக்கம் புடைத்த கனமான டிவி பெட்டி. அதன் படக்குழாய்க் கண்ணாடியில் கலந்திருக்கும் ஈயம் ஒரு கிலோவுக்கும் அதிகமாக இருக்கலாம். கண்ணாடியோடு கலந்திருப்பதால் பார்ப்பவருக்கு அதனால் ஆபத்தில்லை. ஆனால் பழைய சாமான் வாங்குபவருக்கு வேண்டியது கண்ணாடியல்ல, குழாயின் கழுத்தைச் சுற்றியிருக்கும் செம்புச் சுருள். அதைக் கழற்றும் அவசரத்தில் குழாய் உடைகிறது. செம்பு தராசுக்குப் போகிறது, கண்ணாடித் தூள் முற்றத்திலும் கானிலும் கிடக்கிறது.

வயர்களின் கதை இன்னும் மோசம். மேலுறையைச் சீவி எடுக்க நேரமாகும் என்பதால் குவித்து நெருப்பு வைத்துவிடுகிறார்கள். பிவிசி உறை எரியும்போது டயொக்சின் என்ற கொடிய நச்சு உண்டாகிறது. உள்ளே இருக்கும் செம்பே அந்த வேதிவினையைத் தூண்டிவிடுகிறது. கண்டி நகரமோ மலைகளுக்கு நடுவே அமைந்தது. காற்றசையாத மாலையில் மூட்டிய புகை மேலெழுந்து கலைந்து போகாமல் பள்ளத்திலேயே தங்கும். மூட்டியவர் மட்டுமல்ல, பக்கத்து வீட்டில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையும் அதைத்தான் மூச்சிழுக்கிறது.

ஈயம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உடலில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்ற அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாய்வழி போகும் ஈயத்தைச் சிறு பிள்ளைகளின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சிவிடும். தவழ்ந்த கையை வாயில் வைக்கும் வயது வேறு. இரும்புச்சத்தும் கல்சியமும் குறைந்த பிள்ளையின் உடல் இன்னும் அதிகமாக இழுத்துக்கொள்ளும். இரத்தச்சோகை நீங்காத தோட்டப்புறக் குடும்பங்களை நினைத்தால் இதுதான் எனக்குப் பெரிய கவலை. காய்ச்சலோ தழும்போ இருக்காது. பிள்ளைக்குக் கவனம் நிற்காது, படித்தது மனத்தில் தங்காது, எடுத்ததற்கெல்லாம் எரிச்சல் வரும். பள்ளிக்கூடத்தில் மந்தம் என்று பெயர் வாங்கிவிடும். ஈயத்தை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். எலும்பில் படிந்த ஈயம் பல ஆண்டுகள் தங்கி, கர்ப்ப காலத்தில் தாயின் இரத்தத்தில் மீண்டும் கலந்து கருவையும் சேரும்.

சீனாவில் குயியூ என்ற ஊர் மின்னணுக் கழிவை உடைப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தது. 2007இல் வெளியான ஓர் ஆய்வின்படி அங்குள்ள சிறு பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் சராசரியாக டெசிலீற்றருக்கு 15.3 மைக்ரோகிராம், அத்தொழில் இல்லாத அயலூர்ப் பிள்ளைகளில் 9.9. நம் ஊரில் அவ்வளவு பெரிய தொழில் இல்லைதான். ஆனால் வீட்டு முற்றத்தில் உடைக்கும் ஒரு குடும்பத்தின் பிள்ளைக்கு அந்த முற்றமே குயியூ.

இந்தத் தொழில் செய்வோர் வேலை முடிந்ததும் கைகால் கழுவி, உடுப்பு மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும். அந்த உடுப்பை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. பிள்ளையை வைத்தியரிடம் காட்டும்போது வீட்டில் என்ன வேலை நடக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

குப்பைப் பையில் போனால்

மாநகர சபை லொறியில் சமையல் கழிவோடு சேர்த்துப் போடும் பெட்டரி எங்கே போகிறது? கண்டியின் குப்பை பல தசாப்தங்களாகக் கொட்டப்பட்டு வந்த கொஹாகொட, மகாவலி கரையோரம் இருக்கிறது. மழைநீர் குப்பைமேட்டில் ஊறி, கறுத்த கழிவுநீராக ஆற்றை நோக்கி இறங்குகிறது. ஆறோ கட்டுகஸ்தோட்டையைக் கடந்து பொல்கொல்ல அணைக்குச் செல்கிறது. அங்கிருந்து 1976 முதல் சுரங்கவழியாக வடக்கே வயல்களுக்கும் திருப்பப்படுகிறது.

இன்னோர் ஆபத்தும் உண்டு. போனில் இருக்கும் லிதியம் பெட்டரி லொறிக்குள் நசுங்கினால் தீப்பிடிக்கலாம். வீங்கிய பெட்டரியைக் குத்தவோ அழுத்தவோ மீண்டும் சார்ஜ் போடவோ வேண்டாம். அலுமாரித் துணிகளுக்கிடையே வைப்பதும் ஆபத்து.

கொல்லைப்புறத்தில் கிடந்தால்

மூடி கழன்ற சலவை இயந்திரம், கவிழ்ந்து கிடக்கும் டிவி உறை, குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டு எல்லாவற்றிலும் மழைநீர் தேங்கும், டெங்கு நுளம்பு முட்டையிடும். 2017இல் இலங்கையில் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் அதிகமானோர் டெங்குவுக்கு ஆளானார்கள். 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி இப்படிப் போட்டுவைப்பது குற்றமும்கூட. கூரைக்குக் கீழே வையுங்கள்.

பொத்தான் பெட்டரியும் உடைந்த பல்பும்

ரிமோட், விளையாட்டுச் சாமான், எடை பார்க்கும் தராசு ஆகியவற்றில் இருக்கும் பொத்தான் பெட்டரியைப் பிள்ளை விழுங்கினால், அது உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரித்துவிடக்கூடும். தீர்ந்துபோனது என்று நாம் கழற்றிப்போட்ட பெட்டரியிலும் அதற்குப் போதிய மின்சாரம் இருக்கும். எச்சில் வடிகிறது, சாப்பிட மறுக்கிறது, விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வருகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே பேராதனையில் உள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கோ, அதைவிடக் கிட்ட இருக்கும் அரச வைத்தியசாலைக்கோ கொண்டுபோங்கள். கழற்றிய பெட்டரியின் இரு பக்கமும் டேப் ஒட்டி, பிள்ளைக்கு எட்டாத போத்தலில் போட்டு மூடி வையுங்கள்.

சீஎப்எல் பல்பிலும் டியூப் லைட்டிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. உடைந்தால் ஆட்களை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து பத்து நிமிடம் காற்றோட விடுங்கள். விளக்குமாறால் கூட்ட வேண்டாம், தூள் பறக்கும். தடித்த அட்டையால் அள்ளி, மிஞ்சியதை டேப்பால் ஒற்றியெடுத்து, மூடியுள்ள போத்தலில் போடுங்கள்.

யாரிடம் கொடுப்பது

2008 பெப்ரவரியில் வெளியான வர்த்தமானி ஒழுங்குவிதிகள் மின்னணுக் கழிவை ஆபத்தான கழிவுகளின் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. அதைச் சேகரிக்கவும் மீள்சுழற்சி செய்யவும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அனுமதி பெற்றோர் யார் யார் என்பதை அதிகாரசபையிடம் கேட்டறியலாம். அவர்களில் பெரும்பாலோர் மேல் மாகாணத்தில் இருப்பது நமக்குச் சங்கடம்தான். ஒரு டிவிக்காக யாரும் கொழும்பிலிருந்து மலையேறி வரமாட்டார்கள். ஆனால் ஒரு பாடசாலையோ கோயில் பரிபாலன சபையோ முழுக் கிராமத்தின் சாமானையும் ஓரிடத்தில் சேர்த்துவிட்டு அழைத்தால் வருவதற்கு வாய்ப்புண்டு. போன், சார்ஜர் போன்ற சிறியவற்றைத் தொலைபேசி நிறுவனக் கிளைகளில் வாங்கிக்கொள்கிறார்களா என்று கேட்டுப்பாருங்கள்.

2020 ஒக்டோபரில் அதிகாரசபையும் தபால் திணைக்களமும் சேர்ந்து சில நாட்கள் தபாலகங்களிலேயே மின்னணுக் கழிவைப் பெற்றுக்கொண்டன. தோட்டத்து மக்களுக்கும் தெரிந்த இடம் தபாலகம். மாதத்தில் ஒரு நாளையாவது இதற்கென ஒதுக்கும்படி மாநகர சபையிடமும் பிரதேச சபைகளிடமும் நாம் எழுத்தில் கேட்க வேண்டும்.

அதுவரை போன் பெட்டரி முனைகளில் டேப் ஒட்டி வையுங்கள். டிவியைப் பழைய போர்வையால் சுற்றி, திரை சுவரைப் பார்த்தபடி உலர்ந்த இடத்தில் வையுங்கள். வயரை வெட்டிக் கொடுக்காதீர்கள். பழைய இரும்புக்காரர் வந்து கேட்டால் இரும்புக் கட்டிலைக் கொடுங்கள், டிவியைக் கொடுக்க வேண்டாம்.