'ஒரு கட்டிங்தானே மச்சி...' தடுக்கும் தெம்பு எங்கிருந்து வருகிறது?

பரீட்சை முடிந்த நாள், பிறந்தநாள், கோவில் திருவிழா... நாலு பேர் காசு போட்டு ஒரு குவார்ட்டர். கடைக்கு போவது மீசை முளைத்த 'அண்ணன்' ஒருவர். பல பையன்களுக்கு முதல் 'கட்டிங்' இப்படி ஓசியில்தான் கிடைக்கிறது.

தமிழகத்தில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்கக்கூடாது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு சரக்கு கொடுத்தால் 2015-ம் ஆண்டு சிறார் நீதி சட்டப்படி 7 ஆண்டு வரை கடுங்காவல், ரூ.1 லட்சம் வரை அபராதம். 'சும்மா கம்பெனிக்கு' ஊற்றிக் கொடுக்கும் மாமா, சித்தப்பாவுக்கும் இதே சட்டம்தான்.

கவலைக்கு குடித்தால்...

ஆசைக்கு ருசி பார்ப்பவன் எல்லாம் குடிகாரன் ஆவதில்லை. கவலைக்கு மருந்தாக எடுப்பவன்தான் சீக்கிரம் மாட்டுகிறான். பரீட்சையில் பெயில், காதல் தோல்வி, வீட்டில் தினமும் சண்டை. குடித்தால் அன்று ராத்திரி மறக்கும். ஆனால் தூக்கம் கெடும், மறுநாள் படபடப்பு கூடும். அதை அடக்க மறுபடியும் பாட்டில்.

அமெரிக்காவில் 1997-ல் வெளியான ஆய்வு ஒன்றில், 15 வயதுக்கு முன்பே குடிக்க தொடங்கியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் பின்னாளில் அடிமையாகி இருந்தனர். 20 வயதை தாண்டி தொடங்கியவர்களில் அது 10 சதவீதம் அளவுதான்.

உள்ளுக்குள் ஒரு பிரேக்

அதே கஷ்டம் உள்ள பக்கத்து வீட்டு பையன் மட்டும் எப்படி தப்பிக்கிறான்? மனசுவிட்டு பேச அவனுக்கு ஒரு ஆள் இருக்கிறது. அக்காவோ, பி.டி. சாரோ, பட்டறை மேஸ்திரியோ. கோபத்தை இறக்கி வைக்க கிரவுண்டு இருக்கிறது. பெயிலானால், 'துணைத்தேர்வு எழுதலாம்' என்று அடுத்த வழியை யோசிக்கிறான். 'நாளைக்கு மேட்ச் இருக்கு, வேணாம்டா' என்று கூச்சப்படாமல் சொல்கிறான்.

இதெல்லாம் பிறவியிலேயே வருவதில்லை, பழக்கத்தில் வருவது. வீட்டில் பார்த்துத்தான் பாதி பழக்கம். 'உடம்பு வலி, டென்ஷன்' என்று அப்பாவே தினமும் பாட்டிலை திறந்தால், பையன் கற்றுக்கொள்வதும் அந்த வைத்தியம்தான்!

பையன் மேல் வாடை அடித்தால் அந்த நேரத்தில் பெல்ட்டை எடுப்பதில் பயன் இல்லை. போதையில் எதுவும் ஏறாது. நினைவில்லாமல் கிடந்தால் ஒருக்களித்து படுக்க வைத்து உடனே 108-ஐ கூப்பிட வேண்டும். தெளிவாக இருந்தால் மறுநாள் காலை, 'என்னடா பிரச்சினை?' என்று கேட்கலாம். வீட்டில் பேச முடியாத பையன்கள் 1098 அல்லது 14416-க்கு போன் செய்யலாம். ராத்திரியிலும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது.